மில் ஓடுகிறது, பணம் நிற்கிறது

மன்னார்குடி, நீடாமங்கலம், கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலைக்காரர்கள் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்துக்கொண்டால், நலம் விசாரித்த கையோடு வரும் கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை டன் ஓடுது அண்ணே?" முப்பது என்றால் ஒரு மரியாதை, எண்பது என்றால் வேறு மரியாதை. மில் நிற்காமல் ஓடினால் காசு தானாக வந்துவிடும் என்கிற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மில், தை மாதம் சம்பா நெல் வந்து குவியும்போது வாங்கப் பணமில்லாமல் கை பிசைவதும், புத்தம்புது இயந்திரங்களை அடுக்கிய மில் வங்கியின் ஏல அறிவிப்பில் வருவதும் இதே தொழிலில்தான் நடக்கிறது. ஓட்டத்துக்கும் காசுக்கும் நடுவில் எங்கோ ஒழுகுகிறது. அந்த ஒழுகலை நிதி முடிவுகளில்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. நிதி முடிவு என்றால் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது மட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஈரப்பத மீட்டரைப் பார்ப்பவர், மண்டிக்கு லோடு அனுப்புபவர், குடோனில் சாக்கு அடுக்கச் சொல்பவர் எல்லோரும் காலையிலிருந்து இரவு வரை எடுப்பதும் நிதி முடிவுகளே.

ஒரு மில்லின் கணக்கு

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு நடுத்தர மில்லை வைத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் மில்லின் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 30 டன் நெல், ஆண்டுக்கு 250 நாள், ஆக 7,500 டன். சன்ன ரக நெல் கிலோ 25 ரூபாய். ஒரு டன் நெல்லைப் புழுக்கி அரைத்தால் 620 கிலோ முழு அரிசி, 40 கிலோ நொய், 60 கிலோ தவிடு, 200 கிலோ உமி. மீதி ஈரம், பதர், தூசி. உமி பாய்லருக்கே போகிறது. அரிசி 40, நொய் 24, தவிடு 18 ரூபாய் என்று போட்டால் ஒரு டன் நெல்லுக்கு வரவு 26,840 ரூபாய். நெல் விலை 25,000. மின்சாரம், கூலி, சாக்கு, பழுது, தேய்மானம் எல்லாம் சேர்த்து அரவைச் செலவு 1,200. மிச்சம் டன்னுக்கு 640 ரூபாய். ஆண்டுக்கு 48 லட்சம்.

இதுவரை எல்லா மில்லிலும் எல்லோரும் போடும் கணக்கு. இனி போடாத கணக்கு. குடோனில் சராசரியாக 60 நாள் நெல்லும் அரிசியும் கிடக்கிறது என்றால் அங்கே நிற்கும் பணம் சுமார் 3 கோடியே 8 லட்சம். சென்னை, பெங்களூரு மண்டிகளில் 45 நாள் கடன் என்றால் அங்கே 2 கோடியே 48 லட்சம். கட்டடம், இயந்திரம் 4 கோடி. மொத்தம் 9 கோடியே 56 லட்சம் முடங்கிக் கிடந்து 48 லட்சம் சம்பாதிக்கிறது. அதாவது 5 சதவீதம். இதில் 4 கோடி வங்கிப் பணம், 10 சதவீத வட்டி என்றால் 40 லட்சம் அங்கே போய்விடும். மிச்சம் 8 லட்சம். முதலாளியின் சொந்தப் பணம் 5 கோடியே 56 லட்சத்துக்கு அது ஒன்றரை சதவீதம்கூட இல்லை.

ஆடிட்டர் தரும் லாப நட்டக் கணக்கில் 8 லட்சம் லாபம் என்றே இருக்கும், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் வங்கியின் பணத்துக்கு வட்டி உண்டு, முதலாளியின் பணத்துக்குக் கிடையாது. தாத்தா வாங்கிப் போட்ட மனை, வீட்டம்மா நகையை வைத்து மாசியில் புரட்டிய தொகை, மாமனார் கைமாற்று, எல்லாம் அந்தக் கணக்கில் இலவசம். சொந்தப் பணத்துக்கு என்ன விலை வைப்பது என்று கேட்டால் பலர் வங்கி வைப்பு வட்டியைச் சொல்வார்கள். அது போதாது. வைப்பில் போட்டால் இரவு தூக்கம் வரும். நெல்லில் போட்டால் ஐப்பசி மழைக்கு எழுந்து தார்ப்பாய் தேட வேண்டும். அந்த ஆபத்துக்கு மேலே நாலைந்து சதவீதமாவது வேண்டும். சொந்தப் பணத்துக்கு 15, கடனுக்கு 10 என்று வைத்தால் இந்த மில்லின் சராசரி மூலதனச் செலவு ஏறக்குறைய 13 சதவீதம். 5 சதவீதம் சம்பாதிக்கும் மில் 13 சதவீதப் பணத்தைத் தின்கிறது. ஓட ஓடத் தேய்கிறது. இந்த நிலையில் 30 டன்னை 60 டன்னாக்கினால் தேய்வதும் இரட்டிப்பாகும்.

மீட்டர் பார்ப்பவர்

எங்கே பிடிப்பது என்று பார்த்தால், முதல் இடம் கொள்முதல் மேசை. லாரி வந்து நின்றதும் ஏழெட்டு மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கிறார்கள். ஒருவர் உள்ளங்கையில் தேய்த்து ஊதுகிறார், ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார், பிறகு மீட்டர். 17 சதவீத ஈரத்துக்கு 25 ரூபாய் என்பது பேசிய விலை. மீட்டர் 19 காட்டுகிறது. என்ன விலை கொடுக்கலாம்? 17-இல் உலர்ந்த பொருள் 83 பங்கு, 19-இல் 81. 25-ஐ 81-ஆல் பெருக்கி 83-ஆல் வகுத்தால் 24 ரூபாய் 40 காசு. 62 கிலோ மூட்டைக்கு 37 ரூபாய் குறைய வேண்டும். கூடுதலாக உலர்த்தும் செலவு தனி. பல இடங்களில் இந்தக் கணக்கு கிடையாது. "ஒரு கிலோ கழிவு போடு" என்று வாய்க்கணக்கில் முடிகிறது. வாய்க்கணக்கு சில நாள் விவசாயிக்கு எதிராகப் போகும், சில நாள் மில்லுக்கு எதிராக. விவசாயிக்கு எதிராகப் போனால் அடுத்த போகத்தில் அவர் வேறு கேட்டில் நிற்பார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மீட்டர் ஒரே ஒரு சதவீதம் குறைத்துக் காட்டினால், அதாவது 18 ஈரத்தை 17 என்று சொன்னால், கிலோவுக்கு 30 காசு, டன்னுக்கு 300 ரூபாய் போகிறது. நம் மில்லின் மொத்த மிச்சமே டன்னுக்கு 640 ரூபாய்தான். 7,500 டன்னுக்கும் அதே மீட்டரே ஓடினால் ஆண்டுக்கு 22 லட்சத்துக்கு மேல். மாதிரியை அடுப்பில் உலர்த்தி எடைபோட்டு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பருவத் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, செலவே இல்லாத வேலை. வங்கியில் கால் சதவீத வட்டிக் குறைப்புக்காக மூன்று மாதம் அலைபவர்கள் இதைச் செய்வதில்லை. 4 கோடிக்குக் கால் சதவீதம் என்றால் ஒரு லட்சம்.

மண்டிக்கடன்

45 நாள் கடனை 20 நாளாக்கினால் நம் மில்லுக்கு ஒரு கோடியே 38 லட்சம் கைக்கு வரும். 10 சதவீதத்தில் ஆண்டுக்கு 13.8 லட்சம் வட்டி மிச்சம். இதை எப்படி வாங்குவது? "சீக்கிரம் கொடுங்க" என்று போனில் கேட்டால் வராது. விலையில் காட்ட வேண்டும். 25 நாள் முன்னால் வரும் பணத்துக்கு 10 சதவீத வட்டியில் மதிப்பு 0.68 சதவீதம். 26 கிலோ சிப்பம் 1,040 ரூபாய் என்றால் 7 ரூபாய். ஆக சிப்பத்துக்கு 5 ரூபாய் தள்ளிக் கொடுத்து 20 நாளில் வாங்கினால் லாபம். 10 ரூபாய் தள்ளினால் நட்டம். அதற்கு வங்கியிலேயே கடன் வாங்கிக்கொள்ளலாம். "ரொக்கத்துக்கு ஒரு சதவீதம்" என்று உருண்டையாகச் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, 25 நாளுக்கு ஒரு சதவீதம் என்பது ஆண்டுக்கு 14 சதவீதத்துக்கு மேல். தள்ளுபடி கொடுப்பதற்கு முன் எத்தனை நாள் முன்னால் பணம் வரும் என்று கேளுங்கள்.

(26 கிலோ சிப்பம் ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்துப் பெயர் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. ஒரு கிலோ கூட்டினால் வரி இல்லை. தைக்கிற சாக்கின் அளவுகூட நிதி முடிவாகிவிட்டது.)

சட்டமும் ஓரளவு துணைக்கு வருகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இது 2006-ஆம் ஆண்டுச் சட்டம், யாரும் சட்டை செய்யவில்லை. 2024 ஏப்ரல் 1 முதல் வருமான வரியிலும் ஒரு கொக்கி வந்தது: கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் ஆண்டு வரை செலவாகக் காட்ட முடியாது. ஆடிட்டர் கேட்கத் தொடங்கியதும் மண்டிக்காரருக்கு வேகம் வந்தது. பில்லில் உத்யம் எண்ணை (சிறுதொழில் பதிவு எண்ணை) அச்சிடாத மில்லுக்கு இந்தப் பலன் முழுதாகக் கிடைக்காது. பலன் கிடைத்தாலும் அளவோடு பயன்படுத்த வேண்டும். நெருக்கினால் பதிவில்லாத மில்லிடம் சரக்கெடுக்கப் போய்விடுவார்கள்.

கடன் நாள் நீள்வதில் இன்னொரு வினை இருக்கிறது. சி.சி. கணக்கில் (கேஷ் கிரெடிட், அதாவது சரக்கைக் காட்டி வேண்டும்போது எடுத்துக் கட்டும் வங்கிக் கடன்) அனுமதித்த வரம்பு 4 கோடி என்றாலும், எடுக்கக்கூடிய தொகை மாதாமாதம் கொடுக்கும் இருப்புப் பட்டியலைப் பொறுத்தது. இருப்பிலிருந்து பணம் கொடுக்காத கொள்முதலைக் கழித்து, அதில் கால் பங்கைத் தள்ளி, 90 நாளுக்கு உட்பட்ட பாக்கியில் ஒரு பங்கைச் சேர்ப்பார்கள். 90 நாள் தாண்டிய பாக்கி வங்கிக் கணக்கில் பூஜ்யம். பெங்களூரு மண்டியில் 40 லட்சம் 91-ஆவது நாளைத் தொட்டால், அன்றைக்கே எடுக்கக்கூடிய தொகை இருபது, முப்பது லட்சம் சுருங்கும். நாம் ஒரு ரூபாய்கூடப் புதிதாக எடுக்காமலேயே கணக்கு வரம்பு மீறியதாகிவிடும். அந்த மீறல் 30 நாள் தாண்டித் தொடர்ந்தால் கண்காணிப்புப் பட்டியல், 90 நாள் தாண்டினால் வாராக்கடன். மில் அப்போதும் 30 டன் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

பழைய அரிசி என்னும் ஆசை

இப்போது நான் அதிகம் நிற்க விரும்பும் இடம். மாசியில் வாங்கிய சம்பா நெல்லை உடனே அரைப்பதா, ஆவணி வரை வைத்திருந்து பழைய அரிசியாக விற்பதா? டெல்டாவில் மில்லுக்கு மில் இதற்கு ஒரு பதில் உண்டு. "வச்சவன் கெட்டதில்ல" என்பார் ஒருவர். வைத்துக் கெட்டவர்கள் இந்த விவாதத்துக்கு வருவதில்லை என்பதால் அந்தப் பேச்சு நிலைத்திருக்கிறது.

ஆசைக்குக் காரணம் உண்டு. புது நெல்லரிசி குழையும், ஒட்டும். ஆறு மாதம் கிடந்த நெல்லின் அரிசி உதிரியாக வரும், உலையில் கூடுதலாகப் பெருகும். ஓட்டல்காரர் அதற்கு விலை தருவார். சரி, எவ்வளவு கூடுதல் விலை வந்தால் வைக்கலாம்? கிலோ 25 ரூபாய் நெல்லுக்கு ஆறு மாத வட்டி 1.25. அடுக்க, பிரிக்க, குடோன், தார்ப்பாய் மூடி அலுமினியம் பாஸ்பைட் மாத்திரை வைக்க 40 காசு. அந்துப்பூச்சி, வண்டு, எலி ஒரு சதவீதம் என்றால் 25 காசு. மொத்தம் 1.90. ஈரம் குறைவதைச் சிலர் இதில் சேர்ப்பார்கள்: 17-இலிருந்து 13-க்கு இறங்கினால் எடையில் 4.6 சதவீதம், அதாவது 1.15. நெல்லாகவே வாங்கி நெல்லாகவே விற்கும் வியாபாரிக்கு அது உண்மையான செலவு; அவருக்கு ஏறக்குறைய 13 சதவீதம் விலை ஏறினால்தான் முதல் திரும்பும். மில்லுக்கு அப்படியில்லை. இன்றைக்கு அரைத்தாலும் அந்த ஈரத்தை இறக்கித்தான் அரைக்க வேண்டும். இரண்டு வழியிலும் வரும் செலவை ஒரு வழியின் தலையில் கட்டக் கூடாது. ஆகவே மில்லுக்கு 1.90-தான். டன்னுக்கு 620 கிலோ முழு அரிசி என்பதால் அரிசியில் கிலோவுக்கு 3 ரூபாய். பழையது புதியதைவிட 3 ரூபாய்க்கு மேல் போகும் என்றால் வைக்கலாம்.

கணக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் இங்கேதான் அது திரும்புகிறது. அந்த 1.25 ரூபாய் வட்டி என்பது, வங்கி கேட்ட மாத்திரத்தில் இன்னும் கடன் தரும் என்றால் மட்டும் சரி. சி.சி. வரம்பு முழுதாக எடுத்தாயிற்று என்றால், நெல்லில் முடங்கிய பணத்தின் விலை வங்கி வட்டி அல்ல. அதே பணம் மில்லுக்குள் சுற்றியிருந்தால் என்ன சம்பாதித்திருக்குமோ அதுவே விலை. நம் மில்லில் ஒரு சுற்றுக்கு 25,000 போட்டு 640 மிச்சம், அதாவது 2.56 சதவீதம். குடோனில் 60, மண்டியில் 45, ஆக 105 நாள் சுற்று என்றால் ஆறு மாதத்தில் ஒன்றே முக்கால் சுற்றுகூட வராது, சம்பாத்தியம் 4.4 சதவீதம். ஆறு மாத வங்கி வட்டியே 5. இந்த மில்காரருக்கு நெல்லை வைத்திருப்பது புத்திசாலித்தனமாகத் தெரியும். தெரிவதில் தப்பில்லை, அவருடைய மில் அவ்வளவு மந்தம்.

குடோனில் 30, மண்டியில் 20, ஆக 50 நாள் சுற்று உள்ள மில்லை எடுங்கள். ஆறு மாதத்தில் மூன்றரைச் சுற்றுக்கு மேல், 9.3 சதவீதம். 25 ரூபாய்க்கு 2.33. அவருக்கு வைத்திருக்கும் செலவு 1.90 அல்ல, 2.98. அரிசியில் 3 ரூபாய் அல்ல, கிட்டத்தட்ட 5 ரூபாய் கூடுதலாக விற்க வேண்டும். ஒரே நெல், ஒரே குடோன், ஒரே வட்டி. மண்டியில் பணம் வசூலாகும் வேகத்தைப் பொறுத்து, நெல்லை வைக்கலாமா என்ற கேள்விக்கே பதில் மாறுகிறது. (வாட்ச்மேன் சம்பளம் மாதிரி ஓடினாலும் நின்றாலும் போகும் செலவைக் கழித்துப் பார்த்தால் சுற்றின் சம்பாத்தியம் இன்னும் கூடுதலாகவே வரும்; வைப்பதற்கு எதிரான வாதம் வலுக்கும்.) இதில் விஷம் என்னவென்றால், மந்தமான மில் வைக்கிறது, வைத்ததால் இன்னும் மந்தமாகிறது, மந்தமானதால் அடுத்த ஆண்டும் வைப்பதே சரி என்று கணக்கு சொல்கிறது.

எதிர்வாதமும் உண்டு. தை, மாசியில் வாங்காவிட்டால் சித்திரை, வைகாசியில் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து லாரி வாடகை கொடுத்து நெல் இறக்க வேண்டும். அதனால் ஒன்றுமே வைக்காமல் இருக்க முடியாது. மில் ஓடத் தேவையான இருப்பு வேறு, விலை ஏறும் என்று வைக்கும் இருப்பு வேறு. இரண்டும் ஒரே குடோனில், ஒரே அட்டியில் கிடப்பதால் முதலாளிக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது. குடோன் புத்தகத்தில் இரண்டு தலைப்பாகப் பிரித்து எழுதினாலே பாதி ஆசை அடங்கும்.

விலை ஏறும் என்று வைப்பது கடைசியில் மேட்டூர் அணை நீர்மட்டத்தின் மேல் கட்டும் பந்தயம். ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-இல் நாளுக்குத் திறந்தும் தண்ணீர் தொடர்ந்து வராமல், சம்பாவுக்கு முந்திய குறுவைப் பயிர் காய்ந்தது. 2024-இல் ஜூலை 28-க்குத்தான் திறப்பு. குறுவை சுருங்கும் ஆண்டில் ஆவணி, புரட்டாசியில் பழைய நெல் வைத்திருப்பவர் ராஜா. குறுவை நன்றாக விளைந்தால் அதே நெல்லைப் புது நெல்லோடு போட்டிபோட்டு விற்க வேண்டும். போதாததற்கு டெல்லி அறிவிப்புகள்: 2023 ஜூலை 20-இல் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்குத் தடை, அடுத்த மாதமே புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி, 2024 செப்டம்பர், அக்டோபரில் எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்வு. இவ்வளவையும் முன்கூட்டியே சொல்லக்கூடியவர் மில் நடத்த வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், மாசியில் பந்தயத்துக்கென்று வைக்கும் அளவு, முழுதாகத் தவறினாலும் அந்த ஆண்டின் தவணைகளைத் தொடாத அளவாக இருக்க வேண்டும். சொந்தப் பணத்தில் வைக்கலாம். சி.சி. பணத்தில் வைப்பது தவணையையே பந்தயத்தில் வைப்பது.

உலர்த்தும் இயந்திரம் வாங்கலாமா

குறுவை அறுவடை மழையோடுதான் வரும். களத்தில் காயப்போட வழியில்லாமல் 20, 22 சதவீத ஈரத்தில் நெல் கேட்டில் நிற்கும். உலர்த்தி உள்ள மில் அதைச் சல்லிசாக வாங்கலாம். உலர்த்தியின் விலை 60 லட்சம் என்று வைப்போம். ஈரக் கழிவு போக, கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்து 2,000 டன் வாங்கினால் 20 லட்சம். மின்சாரம், ஆள், எரிபொருள் 6 லட்சம். ஆண்டுக்கு 14 லட்சம் மிச்சம். நாலரை ஆண்டுக்குள் முதல் திரும்பும் என்று விற்க வருபவர் தாளில் எழுதிக் காட்டுவார். பின்னால் வரும் பணத்துக்கு இன்றைக்கு மதிப்பு குறைவு என்பதால், இயந்திரம் உழைக்கும் 8 ஆண்டுக்கும் ஆண்டுக்கு 13 சதவீதம் என்று தள்ளிப் பார்த்தால் அந்த 14 லட்சங்களின் இன்றைய மதிப்பு 67 லட்சம். 60 போக 7 லட்சம் கூடுதல். வாங்கலாம் போலத் தெரிகிறது.

விட்டுப்போனது ஒன்று. 2,000 டன் கூடுதலாக வாங்கினால் அந்த நெல்லிலும், அது அரிசியாகி மண்டியில் நிற்பதிலும் பணம் முடங்கும். சராசரியாக 30 லட்சம் என்று வைப்போம். எட்டாவது ஆண்டு அது திரும்ப வரும், ஆனால் அன்றைய 30 லட்சத்தின் இன்றைய மதிப்பு 11 லட்சம். 19 லட்சம் இழப்பு. 7 லட்சம் கூடுதல் இப்போது 12 லட்சம் குறைவாகிவிட்டது. இயந்திரத்தில் குறையில்லை, இயந்திரத்தின் பின்னால் வரும் சரக்குக்குப் பணம் யார் தருவது என்று யாரும் கேட்கவில்லை.

அதே உலர்த்தியை மற்றவர்களுக்குக் கூலிக்கு ஓட்டினால்? நெல் அவர்களுடையது, நம் பணம் முடங்காது. செலவு போக டன்னுக்கு 500 ரூபாய் என்று 1,000 டன் ஓட்டினால் ஆண்டுக்கு 5 லட்சம். எட்டு ஆண்டுக்கு இன்றைய மதிப்பில் 24 லட்சம். திட்டம் மறுபடி மேலே வருகிறது. கூலிக்கு ஓட்டுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் முதலாளிகளுக்கு இந்த எண்ணைத்தான் காட்ட வேண்டும். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைத்துக் கொடுப்பதும் இதே வகை. நெல் அரசுடையது, புழுங்கலில் 100-க்கு 68 அரிசி திருப்ப வேண்டும், கூலி சொற்பம், ஆனால் கொள்முதல் பணம் நம்முடையதில்லை. டன்னுக்கு மிச்சம் குறைவு என்று ஒதுக்குவதற்கு முன், முடங்கும் பணத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று பார்க்க வேண்டும்.

உலர்த்தியை எந்தப் பணத்தில் வாங்குவது என்பது அடுத்த கேள்வி. வரி இல்லாத, திவால் செலவு இல்லாத உலகில், கடனா சொந்தப் பணமா என்பதால் நிறுவனத்தின் மதிப்பு மாறாது என்று மோடிகிலியானி, மில்லர் என்னும் பொருளியலாளர்கள் 1958-இல் காட்டினார்கள். நம் உலகில் இரண்டும் உண்டு, கூடவே தை மாதமும் உண்டு. ஐப்பசியில் சி.சி. கணக்கில் 60 லட்சம் எடுத்து இயந்திரம் வாங்குபவர், தையில் அந்த 60 லட்சம் நெல் வாங்க இல்லாமல் நிற்பார். எட்டு ஆண்டு உழைக்கும் பொருளுக்கு ஆறேழு ஆண்டுத் தவணைக்கடன். 2020-இல் தொடங்கிய வேளாண் உள்கட்டமைப்பு நிதியில், தகுதி பெற்ற திட்டங்களுக்கு 2 கோடி வரைக்கும் 7 ஆண்டு வரை 3 சதவீத வட்டித் தள்ளுபடி கொடுத்தார்கள்; இப்போதும் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்திய இயந்திரத்துக்கு அந்த ஆண்டு பாதித் தேய்மானம்தான் வரியில் கிடைக்கும் என்பதால், அக்டோபர் தொடக்கத்துக்குள் ஓட விட்டுவிட வேண்டும். குறுவைக்கும் அதுதான் நேரம்.

விடுபட்ட பணத்தை என்ன செய்வது

கடனை 20 நாளாக்கி ஒரு கோடியே 38 லட்சம் வெளியே வந்தது என்று வையுங்கள். பெரும்பாலான மில்களில் அது ஆறு மாதத்தில் அரிசியை நிறம் பார்த்துப் பிரிக்கும் இரண்டாவது கலர் சார்ட்டராகவோ பைபாஸ் ஓரத்து மனையாகவோ மாறிவிடும். என் யோசனை சப்பென்று இருக்கும்: சி.சி. கணக்கில் கட்டிவிட்டு வரம்பைக் காலியாக வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வட்டி மிச்சம் என்பது சின்ன லாபம். பெரிய லாபம் தையில் வரும். சம்பா அறுவடை குவியும் அந்த ஆறேழு வாரத்தில் தரகர்கள் வாரம் பத்து நாள் தவணை சொல்வார்கள். அரசுக் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் முறைக்குக் காத்துக் கிடக்கும். அறுவடை இயந்திர வாடகையும் ஆள் கூலியும் அன்றன்றைக்குக் கொடுக்க வேண்டிய விவசாயிக்கு, எடை போட்ட அன்றே வங்கிக் கணக்கில் பணம் ஏறும் மில்லின் விலை கிலோவுக்கு 20 காசு குறைவாக இருந்தாலும் கட்டுப்படியாகும். டன்னுக்கு 200 ரூபாய். சம்பாவில் 4,000 டன் அப்படி வாங்கினால் 8 லட்சம். அது விவசாயியை ஏய்த்து எடுத்தது இல்லை, அவர் பத்து நாள் வெளியில் வாங்கும் கைமாற்றின் வட்டியை மில் மிச்சப்படுத்திக் கொடுத்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டது. 20 காசை 60 காசாக்கப் பார்த்தால் மட்டும் அடுத்த தையில் அவர் வண்டி கொள்முதல் நிலையத்தின் வரிசையிலேயே நிற்கும்.